வாயில் வைத்துப் பார்க்கிறவள்

அந்த அக்காவை நினைத்தால் அவள் முகத்துக்கு முன்னால் அவள் வாய் நாற்றம்தான் எனக்கு வரும். இப்படி எழுதுவது நன்றாக இல்லை என்று தெரியும். நான் ஆபீஸ் போன நேரமெல்லாம் என் பெண்ணை இடுப்பிலிருந்து இறக்காமல் வைத்திருந்தவள் அவள். இருந்தாலும் பொய்யாக எழுத எனக்கு வராது. மறந்துபோய் மூலையில் விட்ட தயிர்ப்பானையைத் திறந்தால் புளிப்பும் அழுகலுமாக ஒரு வாடை எழும்பும், கிட்டத்தட்ட அது. அதை மறைப்பதற்காக எந்நேரமும் கன்னத்துக்குள் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்திருப்பாள். கிராம்பும் சேர்ந்த பிறகு அது இன்னும் மோசமாகிவிடும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் குடியிருந்தோம். ஒரே வாசல், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு குழாய், சுற்றிலும் குடித்தனங்கள். நான் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். என் வீட்டுக்காரருக்கு எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எனக்கு பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை, அதுவும் தற்காலிகம். பெண் பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் வேலைக்குத் திரும்பியாக வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். எதிர்க் குடித்தனத்து அக்கா, நான் கேட்காமலேயே வந்து குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நீ போய்கினே இரு கண்ணு. எனக்கு இன்னா வேலை கீது வூட்ல? அவரு கப்பல்ல கீறாரு. நான் குந்திகினு சுவத்தைப் பாத்துகினு கீறேன். கொயந்த கெடந்தா பொயுது பூடும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் குனிந்து குழந்தையின் நெற்றியில் முத்தம் வைத்தாள். வாடை குப்பென்று அடித்தது. அழுகை நின்றுவிட்டது.

எதையும் வாயில் வைத்துப் பார்க்காமல் அவளுக்கு நம்பிக்கை வராது. காசிமேட்டிலிருந்து கூடையில் மீன் வரும். மற்றவர்கள் கண்ணைப் பார்ப்பார்கள், செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். அக்கா செவுளுக்குள் விரலை விட்டு அந்த விரலை நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். அப்புறம்தான் பேரம். ரேஷன் அரிசியைக் கடித்துப் பார்ப்பாள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டுக்கு எச்சில் தொட்டு வைப்பாள். ஊசியில் நூல் கோர்ப்பதற்கு நூலை வாயில் போட்டுச் சப்புவாள். புடவை கட்டும்போது ஊக்குகள் எல்லாம் உதட்டில் வரிசையாக நிற்கும், அப்படியே நம்மோடு பேசவும் செய்வாள். "கண்ணு பொய் சொல்லும்மே, மூக்கு பொய் சொல்லும், வாயி பொய் சொல்லாது" என்பது அவளுடைய வேதம்.

எனக்கு ஒரு தரம் காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை என் கையில் கொடுப்பதற்கு முன் தானே ஒரு வாய் உறிஞ்சினாள்.

"சக்கர சரியா கீதான்னு பாத்தேன். சோக்கா கீது. குடி."

அவள் போகிற வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனதும் சாக்கடையில் ஊற்றினேன். இன்னொரு நாள் ஆபீசுக்குக் கிளம்பி வாசலைத் தாண்டுகிறேன், ஓடிவந்து நிறுத்தி, முந்தானை நுனியை வாயில் நனைத்து என் கன்னத்தில் இருந்த மையைத் துடைத்துவிட்டாள். பஸ்ஸில் பேசின் பிரிட்ஜ் பக்கத்துக் கரிப்புகை முழுவதும் முகத்தில் அப்பினாலும் எனக்கு அவ்வளவு உறுத்தாது. ஆபீஸ் போய்ச் சேரும்வரை அந்தக் கன்னத்தை எனக்குச் சொந்தமில்லாதது மாதிரி வைத்திருந்தேன்.

வாய் பொய் சொல்லாது என்று சொன்ன வாயில் இருந்ததெல்லாம் பொய்ப்பல். அது சந்துக்கே தெரியும். வண்ணாரப்பேட்டையில் ஒரு சீனாக்காரர் பல் கடை வைத்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் பல் செட்டுகள் சிரித்துக்கொண்டிருக்கும். அங்கே போய், சொத்தை விழுந்த பல்லையெல்லாம் பிடுங்கிவிட்டு, மேலும் கீழும் பிளாஸ்டிக் செட்டு கட்டிக்கொண்டு வந்தவள். அளவெடுத்து நறுக்கிய தேங்காய்ச் சில்லு மாதிரி ஒரே வெள்ளை, ஒரே வரிசை. பேசும்போது நடுவில் டக்கென்று ஒரு சத்தம் வரும். ஆனால் அவளுக்கு முன்னால் யாரும் பல் என்ற சொல்லை எடுப்பதில்லை. அது அந்த முற்றத்தில் ஒரு மரியாதை. அவள் உட்கார்ந்திருந்தால் பல்லி கத்தினால்கூடப் பெண்கள் வேறு பேச்சு பேசுவார்கள்.

அவள் அந்தச் செட்டைக் கழற்றியதை எவரும் பார்த்ததில்லை. குழாயடியில் பல் துலக்கினால்கூடச் செட்டு வாயில் இருக்கும்போதே மேலாக ஒரு தேய்ப்பு. ஒரு சமயம் அவளுக்கு டைபாய்டு. காய்ச்சல் பார்க்க வந்தவர் தெர்மாமீட்டரை நாக்குக்குக் கீழே வைக்க வேண்டும், வாயைத் திறம்மா என்றதும், அனத்திக்கொண்டிருந்தவள் வாயை இறுக மூடிக்கொண்டு கையை உயர்த்தி அக்குளைக் காட்டினாள். வாயின் இரண்டு ஓரமும் எந்நேரமும் வெடித்து, ஈரமாக, வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கும். கேட்டால் உடம்புச் சூடு என்று விளக்கெண்ணெய் தடவிக்கொள்வாள்.

அவள் வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒரு முறை, சில சமயம் அதற்கும் மேலாக ஆகும், கப்பலிலிருந்து இறங்குவார். வரும்போது ஒரு பை நிறைய பாதாம் பருப்பு வரும். கல்யாணமான புதிதில் அக்கா அதைக் கடகடவென்று கடித்துத் தின்பதைப் பார்த்து ஆசைப்பட்டுப் போனவர் போலிருக்கிறது, அந்த வழக்கத்தை விடவே இல்லை. அவர் திரும்பிக் கப்பலேறின மறுநாள் அக்கா அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். கை நிறைய அள்ளிக் கொடுப்பாள். நாங்கள் எல்லாரும் தின்போம். என்ன தாராளம் என்று மெச்சிக்கொள்வோம்.

போன தடவை வந்தபோது அவர் ஒரு பால் பாட்டிலும் கொண்டுவந்திருந்தார். பிளாஸ்டிக். கீழே போட்டாலும் உடையாது. யாருக்குக் கொடுப்பது என்று அலமாரியில் வைத்திருந்ததை அக்கா என் பெண்ணுக்குக் கொடுத்தாள். சந்திலேயே அந்த மாதிரி வேறு எவரிடமும் கிடையாது. முற்றத்துக் கல்லில் இரண்டு தரம் போட்டுக் காட்டினாள்.

"பாரு, இன்னா ஆச்சி? ஒண்ணியும் ஆவல. பாரீன் பாட்டிலு."

நான் தினமும் அதைக் கொதிக்க வைக்கச் சொல்லியிருந்தேன். அவளும் ஒழுங்காகக் கொதிக்க வைப்பாள். அதற்கென்றே ஒரு அலுமினியப் பாத்திரம் வாங்கிக் கொடுத்திருந்தேன். பாட்டிலில் பாலை ஊற்றி, ரப்பரை மாட்டி, அப்புறம் அந்த ரப்பரைத் தன் வாயில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்து, சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குழந்தை வாயில் வைப்பாள். இது எனக்கு வெகுநாள் தெரியாது.

குழந்தையின் நாக்கில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பால் என்றுதான் முதலில் நினைத்தேன். துணியால் துடைத்தேன். போகவில்லை. கன்னத்தின் உள்பக்கமும் அண்ணமும் திட்டுத்திட்டாக, தயிரைத் தெளித்ததுபோல. கொஞ்சம் அழுத்தித் துடைத்தால் அடியில் ரத்தம் கசிந்தது. குழந்தை வீறிட்டது.

"அக்கரம் வந்துக்கீது. பால் குடிக்கிற புள்ளைக்கு வர்றதுதான். தேன் தடவு, சரியாப் பூடும்" என்றாள் அக்கா.

தேன் தடவினேன். போகவில்லை. டோல்கேட் பக்கத்தில் ஒரு லேடி டாக்டர் இருந்தார்கள். தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு சின்னப் புட்டியில் ஊதா மருந்து கொடுத்தார்கள். அதைத் தடவினால் குழந்தை நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடும். தலையணை, என் ஜாக்கெட், அக்காவின் தோள், எல்லாம் ஊதா. சில நாளில் வெள்ளை போயிற்று. சந்தோஷப்பட்டேன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி வந்துவிட்டது. மறுபடி ஊதா. மறுபடி போயிற்று, மறுபடி வந்தது. இதற்குள் எனக்கும் தொற்றிக்கொண்டது. ராத்திரி வந்து பால் கொடுத்தால் மார்க்காம்பில் ஊசியை ஏற்றுவதுபோல் வலி. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துப் பார்த்தேன், முடியவில்லை, நிறுத்திவிட்டேன். குழந்தை பாட்டிலையும் தள்ளிவிட்டு அழுதது. பசி, ஆனால் வாயில் எதுவும் பட முடியவில்லை. தொடைச் சதை தொங்க ஆரம்பித்தது. தூக்கினால் வெறும் துணியைத் தூக்குவதுபோல் இருந்தது. இந்தக் குழந்தை எனக்குத் தங்காது என்ற எண்ணம் ஆபீசில் டைப் அடிக்கும்போது வந்து உட்கார்ந்துகொள்ளும். அன்று அடித்ததெல்லாம் தப்பாக இருக்கும்.

அடுத்த தடவை டாக்டரம்மா பாட்டிலையும் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பிரஷ் போட்டுப் போட்டு உள்ளே பிளாஸ்டிக் முழுக்கக் கீறல், கீறலுக்குள் ஒரு மங்கல். என்னையே உள்ளே விரலை விட்டுத் தேய்த்துப் பார்க்கச் சொன்னார்கள். வழுவழுவென்றிருந்தது. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"குழந்தைய யாரு பார்த்துக்கிறாங்க?"

எதிர் வீட்டு அக்கா என்றேன். அவள் பால் கொடுக்கிற விதத்தைக் கேட்டார்கள். நான் அந்த வாரம்தான் ஒருநாள் சீக்கிரம் வந்து அந்த இரண்டு இழுப்பைக் கண்ணால் பார்த்திருந்தேன். சொன்னேன்.

"அவங்களுக்கு வாய்ல ஏதாவது புண்ணு?"

"ஓரமெல்லாம் வெடிச்சிருக்கும் டாக்டர். உள்ள தெரியாது. பல் செட்டு. கழட்டவே மாட்டாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்கள். "இது பூஞ்சம்மா. ரொட்டிக் கடையில மாவு உப்புறதுக்குப் போடறாங்களே ஈஸ்ட், அதோட பங்காளி. பாதிப் பேரு வாய்ல கொஞ்சம் இருக்கும். சும்மா கிடக்கும். ஒட்டிக்க இடம் கிடைச்சுதுன்னா அப்புறம் விடாது. கன்னத்துச் சதையில ஒட்டும், ரப்பர்ல ஒட்டும், பிளாஸ்டிக்ல ஒட்டும். கழட்டாத செட்டுக்கு அடியில வெளிச்சம் இல்ல, காத்து இல்ல, ஈரம் மட்டும்தான். அதுக்கு அதைவிட நல்ல வீடு வேணுமா? நீங்க இங்க துடைச்சுகிட்டே இருக்கீங்க, அங்கேருந்து வந்துகிட்டே இருக்கு."

பிற்காலத்தில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், அருவருப்பு தாங்காமல் படித்தேன். அந்தப் பூஞ்சையின் ஒற்றை ஒற்றை உருண்டைச் செல்களின் மேல்தோலிலேயே பசை மாதிரிப் புரதங்கள் இருக்கின்றனவாம். சதையைப் பிடிக்க ஒன்று, பிளாஸ்டிக்கைப் பிடிக்க இன்னொன்று. பிடித்துக்கொண்டதும் உருண்டை நீண்டு நூலாகி, நம் தோலுக்குள் வேர் விடுமாம். பிளாஸ்டிக் மேல் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சளி போல ஒரு போர்வையைத் தானே நெய்து போர்த்திக்கொள்ளுமாம். அந்தப் போர்வைக்குள் மருந்துகூடச் சுலபத்தில் போகாதாம். இதைப் படித்த அன்றும் அந்த வழுவழுப்பு விரலிலேயே இருந்தது.

டாக்டரிடமிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்காவிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு முகத்துக்கு நேரே நின்றதும் நாக்கு எழவில்லை. பெற்ற குழந்தைக்காகக்கூட அந்த முற்றத்தில் ஒருத்தி அவளிடம் பல் என்று சொல்லிவிட முடியாது. சுற்றிவளைத்துச் சொன்னேன்.

"அக்கா, இனிமே பாட்டிலை நீங்க வாயில வச்சுப் பாக்கக் கூடாதாம். வாயில படற எல்லாத்துலயும் கிருமி ஒட்டிக்கிட்டு இருக்காம். ரப்பரு, பிளாஸ்டிக்கு, எதுவா இருந்தாலும் சுத்தமாக் கொதிக்க வைக்கணுமாம்."

"எல்லாத்தியுமா?"

"எல்லாத்தையும்தான் அக்கா. வாயிக்குள்ள இருக்கற எல்லாத்தையும்."

கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றே போட்டேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்று தெரிந்தது. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் சனிக்கிழமை, ஆபீஸ் அரை நாள். மத்தியானம் வந்தேன். அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினால் திறந்தது. குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஸ்டவ்வில் என் அலுமினியப் பாத்திரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா அதன் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். நல்லவேளை, சொன்னபடி பாட்டிலைக் கொதிக்கப் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு மூடியைத் தூக்கினேன்.

பாட்டில் இருந்தது. ரப்பர் இருந்தது. கூடவே அவள் பற்கள் இருந்தன. மேல் வரிசையும் கீழ் வரிசையும் கொதியில் எழும்பி எழும்பி ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. தண்ணீரின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு ஆடை. ரப்பர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து கடைவாய்ப் பல்லில் மாட்டிக்கொண்டது.

குழாயடிவரை என்னால் போக முடியவில்லை. அவள் வாசற்படியிலேயே வாந்தி எடுத்தேன். முற்றத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். நான் திரும்ப உள்ளே போய்த் தூளியிலிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டேன். தூக்கத்தில் இருந்த குழந்தை கத்தியது.

"இனிமே என் குழந்தைய நீங்க தொடக் கூடாது. என் குழந்தை பாட்டில் கொதிக்கிற பாத்திரம் அக்கா அது! சீ! உங்களுக்கு அருவருப்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாதா?"

அவள் வாயில் முந்தானை. கண் மட்டும் என்னையும் கதவுக்கு வெளியே நின்ற பெண்களையும் மாறி மாறிப் பார்த்தது. ஒரு கையால் முந்தானையை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் எட்டிக் கதவைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மாதா கோயிலுக்குப் போனார்கள். பூசைக்கு முதல் மணி அடிக்கும்போதே கிளம்பிவிடுகிற அக்கா அன்று போகவில்லை. நான் தரையில் உட்கார்ந்து, திங்கட்கிழமைக்கு என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தேன். லீவு எல்லாம் டாக்டர் வீட்டுக்கு அலைந்ததிலேயே தீர்ந்திருந்தது. என் வீட்டுக்காரருக்கு அன்றும் மறுநாளும் பகல் ஷிப்ட். இன்னும் ஒரு நாள் லீவு கேட்டால் வேலை போய்விடும். முற்றம் காலியானதும் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

அக்கா உள்ளே வந்து, கதவைத் தானே தாழ் போட்டாள். முந்தானையை எடுத்தாள். எனக்கு ஒரு கணம் அடையாளமே தெரியவில்லை. கன்னம் இரண்டும் உள்ளே போய், மூக்கும் முகவாயும் ஒட்டிக்கொள்ளப் பார்த்தன. கையில் அந்தச் செட்டு. கொதியில் வளைந்து, வெளுத்து, மாட்டினால் பொருந்தாத ஏதோ ஒன்றாகிவிட்டிருந்தது. நேற்றுச் சாயங்காலமே அதைத் தூக்கிக்கொண்டு சீனாக்காரர் கடைக்குப் போயிருக்கிறாள். அவருக்கு என்னைவிட நன்றாக மெட்ராஸ் தமிழ் வரும்.

"'பிளாஸ்டிக்க கொதிக்க வெச்சியா? இன்னாம்மா, கறியா கொயம்பு வெக்கிறதுக்கு?'ன்னாரு. வாயத் தொறன்னாரு. பாத்துட்டு, 'பல்லு அப்பால பாக்கலாம், மொதல்ல இத்த ஆத்து'ன்னு அனுப்பிட்டாரு. நீயே பாரு."

பேச்சில் பாதி காற்றாகவே வந்தது. வாயைத் திறந்து, தலையை ஜன்னல் பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

நான் பார்த்திருக்க வேண்டாம். அண்ணம் முழுவதும் பச்சை ரத்தமாகச் சிவந்திருந்தது. செட்டு எந்த அளவோ அந்தச் சிவப்பும் அதே அளவு, கத்தரித்து ஒட்டினதுபோல் ஓரம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அதன்மேல் அங்கங்கே வெள்ளைத் திட்டு. என் குழந்தை வாயில் இருந்த அதே வெள்ளை. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"எத்தனை நாளா இப்படி எரியுது அக்கா?"

"யாருக்குத் தெரியும்? பயகிப் பூட்ச்சி. காரம் துன்ன முடியாது, அவ்ளோதான்."

"கழட்டி வச்சிருக்கலாம் இல்ல? ராத்திரியாவது?"

"அவரு இருக்கிற நாள்ல எப்டி கயட்டுவேன்? இல்லாதப்ப கயட்டினா அந்தப் பயக்கம் வந்துடாதா?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொண்ணு பாக்க வந்தப்ப, 'பல்லு சோக்கா கீது, இதையே கட்டு'ன்னுதான் அவங்க அம்மாகிட்ட சொன்னாராம். புடுங்கினதும் அவருக்குத் தெரியாது, கட்டினதும் தெரியாது. இந்த வாரம் கப்பல் வருது கண்ணு. நான் இன்னா பண்ணுவேன்?"

எனக்கு இரக்கம் வந்தது. வாடையும் வந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன.

"கொயந்தைக்கு என்னாலதானா?" என்று கேட்டாள்.

"ஆமா அக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது?

தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப எனக்கும் அந்த ஊதா மருந்தத் தடவு. ஆறட்டும். உனக்கு நாளைக்கு ஆபீஸ் கீதில்ல? வாயக் கட்டிகினு கொயந்தயத் தூக்குறேன். மாதா மேல சத்தியமா வாயில எத்தியும் வெக்க மாட்டேன்."

டாக்டரிடமே போகலாம் என்றேன். அதெல்லாம் வேண்டாம், நீ பார்த்ததே போதும், இன்னொருத்தர் கண்ணில் படக் கூடாது என்றாள். விளக்குமாற்றிலிருந்து ஒரு புது ஈர்க்குச்சியை உருவி, பஞ்சைச் சுற்றி, மருந்தில் தோய்த்தேன். அவள் வாயருகே கொண்டுபோனபோது என் கை தானாகவே பின்னால் வந்தது. மறுபடி கொண்டுபோனேன். அந்த அண்ணத்தில் பஞ்சு பட்டதும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது, ஆனால் வாயை மூடவில்லை. வழுவழுப்பு குச்சி வழியாகவே என் விரலுக்குத் தெரிந்தது. உள்ளே கொழகொழவென்று ஏதோ பஞ்சோடு இழைந்து வந்தது. முடிந்த பிறகு என் கையைச் சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிறாள் என்பதற்காக நான் கழுவுவதை நிறுத்தவில்லை.

அந்தப் பிளாஸ்டிக் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தோம். அலுமினியப் பாத்திரம் அன்றே பழைய சாமான்காரனிடம் போயிற்று. கண்ணாடிப் பாட்டில் ஒன்று வாங்கினேன். திங்கட்கிழமை காலை அக்கா முந்தானையால் மூக்குக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். குழந்தை அந்தக் கோலத்தைப் பார்த்து அழுதது. பாலின் சூட்டை எப்படிப் பார்ப்பது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"கைக்கு இன்னா தெரியும்?" என்று சலித்துக்கொண்டாள். இருந்தாலும் அப்படியே செய்தாள்.

காலையில் குழந்தைக்கு, பிறகு அவளுக்கு என்று தினமும் மருந்து தடவினேன். வெவ்வேறு குச்சி, வெவ்வேறு பஞ்சு. குமட்டல் ஒருநாளும் பழகவில்லை. ஆனால் குழந்தையின் வாயில் வெள்ளை குறைந்தது. ஒரு நாள் நான் ஆபீசிலிருந்து வந்தபோது அக்கா காலியான பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அவள் வீட்டுக்காரர் வருவதற்குள் அந்த ஊதா போகவில்லை. ஒரு சாயங்காலம் ரிக்ஷாவில் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். கறுத்து, நெடுநெடுவென்று, எப்போதும் அடுத்த துறைமுகத்துக்குத் தாமதமாகிவிட்டதுபோல் நடக்கிற மனிதர். வழக்கமாக அக்கா சந்து முனைக்கே ஓடிப்போய், எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு பெட்டியில் ஒரு கை பிடிப்பாள். அன்று ஓடவில்லை. என் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்து நடுவில் அப்படியே நின்றாள். குடித்தனத்துப் பெண்கள் எல்லாரும் ஏதோ வேலையாக இருப்பதுபோல் வாசலில் நின்றோம்.

"இன்னாமே, வாயில துணி? இன்னா ஆச்சி?"

நான் குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. ஒற்றைக் கையால் முடிச்சை அவிழ்த்தாள். பொக்கை வாய், உதடு முழுக்க ஊதா, உள்ளேயும் ஊதா. அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"பல்லு பூட்ச்சிங்க. இப்ப இல்ல, எப்பவோ பூட்ச்சி. நீங்க பாத்துகினு இருந்ததெல்லாம் சீனாக்காரு பல்லு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இந்தக் கொயந்தைக்கு அது ஆவல. அதான் கயட்டிட்டேன்."

அவர் கிட்டே வந்தார். அடிக்கப் போகிறார் என்று எனக்குப் பயம். அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி வாய்க்குள் பார்த்தார். நான் அன்று மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் அவர் அடக்கிக்கொள்ளவில்லை.

"எரியுதா?"

அவள் தலையாட்டினாள். அப்போதுதான் அழுதாள்.

அவர் பெட்டியைத் திறந்தார். மேலாகவே இருந்தது பாதாம் பை. அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அப்ப இத்தினி வருசமா நான் எட்தாந்த பாதாமெல்லாம் யாரு துன்னது?"

"ஊருக்கே குட்த்தேன்."

அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். ஊர் முழுவதும் வேறு பக்கம் பார்த்தது. பக்கத்துக் குடித்தனத்து அம்மாள் வராத கோழியைக் கூப்பிட்டாள்.

"அந்த இடிகல்ல எடு" என்றார் யாரிடமோ. யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். சட்டையைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு பிடி பாதாமைப் போட்டு, டங்கு டங்கென்று இடித்தார். மாவாகிற வரைக்கும் இடித்தார். என் வீட்டிலிருந்து சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தேன். கலந்து, ஒரு கிண்ணத்தில் போட்டு அவள் கையில் வைத்தார்.

"துன்னு."

அக்கா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள், காசிமேட்டு மீனுக்கு நிற்பதுபோலவே நின்றாள். ஊதா உதடு விரிந்தது. பல் இருந்த காலத்தில்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இடுப்பில் இருந்த என் பெண்ணும் அந்த வாயைப் பார்த்து வாயைத் திறந்தது, அதற்கும் பல் கிடையாது. அக்கா நன்றாகச் சப்பின அதே விரலை, ஊதா எச்சில் பளபளக்க, மறுபடி கிண்ணத்தில் தொட்டுக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐய, ருசி பாத்துத்தானேம்மே குடுக்கணும்?" என்றாள்.

அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கப்பல்காரரும் சந்தும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த விரலைப் பிடித்து, நகக்கண் வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.